முள் சொல்லாத மீதி

பஞ்சர் கடையில் கம்ப்ரஸர் ஓடத் தொடங்கியதும் டேங்கின் மேலிருக்கும் மீட்டரில் முள் மெல்ல நகர்கிறது. இருபது, நாற்பது, எண்பது. நூறு பவுண்டைத் தாண்டி ஓரிடத்தில் ‘டக்’கென்று மோட்டார் நிற்கும். ‘புஸ்’ஸென்று கொஞ்சம் காற்று வெளியேறும். கடைக்காரர் லாரி டயரின் பக்கம் திரும்பிவிடுவார். டேங்க் அதே டேங்க்தான்; ஒரு நூல்கூடப் பெரிதாகவில்லை. உள்ளே போனதும் தெருவில் கிடக்கும் அதே காற்றுதான். அப்படியென்றால் அந்த முள்ளைத் தள்ளியது எது?

காற்று என்பது ஓயாமல் பறந்துகொண்டிருக்கும் மூலக்கூறுகளின் கூட்டம். சுண்டுவிரல் நுனியளவு இடத்தில், அதாவது ஒரு கன சென்டிமீட்டரில், சுமார் இரண்டரை லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் இருக்கின்றன. நம் ஊர் வெப்பத்தில் அவற்றின் சராசரி வேகம் மணிக்கு ஏறக்குறைய 1,700 கிலோமீட்டர். பயணிகள் விமானமே அதில் பாதி வேகத்தில்தான் பறக்கிறது. இவ்வளவு வேகமிருந்தும் எதுவும் எங்கும் போய்ச் சேர்வதில்லை. ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு தூரத்தைக் கடப்பதற்குள் இன்னொரு மூலக்கூறின் மீது மோதித் திசைமாறிவிடும். அப்படி அலையும்போது சுவரிலும் மோதுகின்றன. ஒவ்வொரு மோதலும் சுவருக்கு ஒரு சின்னத் தள்ளு. நொடிக்கு எண்ணி மாளாத இந்தத் தள்ளுகளை மொத்தமாகக் கூட்டினால் வருவதற்குத்தான் அழுத்தம் என்று பெயர்.

திறந்தவெளியில் இந்தத் தள்ளு ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் சுமார் ஒரு கிலோ எடை அளவுக்கு இருக்கிறது. எல்லாப் பக்கமும் சமமாகத் தள்ளுவதால் நமக்குத் தெரிவதில்லை. கடை மீட்டருக்கும் தெரியாது. அது உள்ளே இருப்பதற்கும் வெளியே இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான் காட்டும். முள் பூஜ்யத்தில் நின்றாலும் டேங்க் காலியாக இல்லை. அதில் ஒரு டேங்க் சாதாரணக் காற்று இருக்கிறது.

200 லிட்டர் டேங்க் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முள் 7 பாரில் (ஒரு பார் என்பது ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம்), அதாவது சுமார் நூறு பவுண்டில், நிற்கிறது. ஏற்கெனவே உள்ளே இருந்த ஒன்றையும் சேர்த்தால் மொத்தம் 8 மடங்கு காற்று. தெருவில் 1,600 லிட்டர் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த காற்று இப்போது 200 லிட்டருக்குள் இருக்கிறது. தராசில் வைத்தால் அந்தக் காற்று மட்டும் ஏறக்குறைய 1.9 கிலோ. டேங்க் ஆறிய பிறகு மூலக்கூறுகள் முன்னைவிட வேகமாகப் பறப்பதில்லை, முன்னைவிட பலமாக மோதுவதும் இல்லை. ஒரே இடத்தில் எட்டு மடங்கு பேர் இருப்பதால் எட்டு மடங்கு தடவை மோதுகிறார்கள். கணக்கு அவ்வளவுதான்.

‘நெருக்கி அடைத்த காற்று’ என்றதும் உள்ளே மூலக்கூறுகள் மூச்சுத் திணறிக் கிடப்பதாகத் தோன்றும். அதுவும் சரியில்லை. எட்டு மடங்கு அடைத்த பிறகும் டேங்கின் உள்ளிடத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்குக்கு மேல் வெறும் வெற்றிடம்தான். முட்டுக்கொடுத்து நிற்கும் பொருள் எதுவும் உள்ளே இல்லை. சுவரை வெளியே தள்ளுவது ஓயாத மோதல் மட்டுமே.

காற்றின் அளவுக்கும் அழுத்தத்துக்கும் உள்ள கணக்கை 1662-இல் வெளியிட்டவர் ராபர்ட் பாயில். வளைந்த கண்ணாடிக் குழாய் ஒன்று; குட்டையான பக்கத்தின் வாய் மூடியது, நெட்டையான பக்கத்தின் வாய் திறந்தது. திறந்த வாயில் பாதரசத்தை ஊற்ற ஊற்ற, மூடிய பக்கத்தில் மாட்டிக்கொண்ட காற்று சுருங்கிக்கொண்டே போனது. குழாய் அறைக்குள் அடங்காத நீளம் என்பதால் மாடிப்படியில் நிறுத்திச் சோதித்தார்கள். ஒரு குழாய் உடைந்து பாதரசம் கொட்டிப்போனதும் நடந்தது. வளிமண்டலம் தாங்கி நிற்கும் பாதரச உயரம் சுமார் 29 அங்குலம். அதே 29 அங்குலத்தைக் கூடுதலாக ஊற்றியதும், மாட்டிய காற்று சரிபாதியாகச் சுருங்கிவிட்டது. அழுத்தம் இரண்டு மடங்கு, இடம் பாதி.

கணக்கைச் சரியாகப் பிடித்த பாயில், காரணத்தைத் தவறாகப் பிடித்தார். காற்றுத் துகள்கள் கம்பளி ரோமம்போல ஒன்றன்மேல் ஒன்று கிடந்து, அமுக்கினால் சுருங்கி விட்டால் விரிகின்றன என்பது அவருடைய கற்பனை. துகள்கள் ஓடி மோதுவதால்தான் அழுத்தம் வருகிறது என்று 1738-இல் தம் ‘ஹைட்ரோடைனமிகா’ நூலில் கணக்குப் போட்டுக் காட்டியவர் டேனியல் பெர்னூலி. அதை உலகம் ஏற்றுக்கொள்ள இன்னும் நூறாண்டுக்கு மேல் ஆனது.

கம்ப்ரஸர் அழுத்தத்தை உண்டாக்குகிறது என்று பொதுவாகச் சொல்கிறோம். உண்மையில் அது செய்வது வெளியிலிருந்து காற்றை மொண்டு உள்ளே தள்ளுவது மட்டும்தான். பிஸ்டன் கீழே இறங்கும்போது ஒரு வால்வு திறந்து காற்று உள்ளே வருகிறது. மேலே ஏறும்போது அந்த வால்வு மூடி, அடுத்த வால்வு திறந்து காற்று டேங்குக்குப் போகிறது. போனது திரும்பி வராமல் டேங்கின் வாயிலேயே இன்னொரு வால்வு காவல் நிற்கிறது. டேங்கின் வெளிக்குழாயைத் திறந்துவிட்டுக் கம்ப்ரஸரை ஓடவிட்டால் நாள் முழுக்க ஓடினாலும் முள் ஏறாது. உள்ளே போவதைவிட வெளியே போவது குறைந்தால்தான் அழுத்தம் சேரும்.

இதைக் கோவை, திருப்பூர்ப் பக்கத்து விவசாயிகளிடம் விளக்க வேண்டியதில்லை. ஒல்லியான ஆழ்துளைக் கிணற்றிலிருந்து தண்ணீர் எடுக்க அங்கே பல தோட்டங்களில் கம்ப்ரஸர்தான் ஓடுகிறது. சின்னக் குழாய் வழியாகக் காற்று கீழே போய், தண்ணீர்க் குழாய்க்குள் குமிழ்களாகக் கலக்கிறது. குமிழ் கலந்த தண்ணீர் எடை குறைந்து மேலே ஏற, வெளியே நிற்கும் கனமான தண்ணீர் அதைக் கீழேயிருந்து தள்ளிவிடுகிறது. காற்றுக்குழாயின் நுனி தண்ணீர் மட்டத்துக்கு 60 மீட்டர் கீழே இருந்தால், அந்தத் தண்ணீரை விலக்கிக்கொண்டு காற்று வெளியேற ஏறக்குறைய 6 பார் வேண்டும். மோட்டாரைப் போட்டதும் முள் ஏறி, கிணற்றைக் கிளப்பி, பிறகு தண்ணீர் கேட்கும் அளவில் நின்றுவிடும். எவ்வளவு அழுத்தம் என்பதைத் தீர்மானிப்பது கம்ப்ரஸர் இல்லை, எதிரே நிற்கும் தடை. கோவையில் 1960-இல் தொடங்கிய எல்ஜி நிறுவனம் முதல் சிறு பட்டறைகள் வரை கம்ப்ரஸர் தயாரிப்பு அந்த ஊரின் தொழிலாகவே வேர்விட்டிருக்கிறது.

டேங்க் நிரம்பிக்கொண்டிருக்கும்போது கம்ப்ரஸரின் தலையிலிருந்து டேங்குக்குப் போகும் செம்புக் குழாயைத் தெரியாமல் தொட்டவர்கள் மறுபடி தொடமாட்டார்கள். உராய்வினால் சூடாகிறது என்று பலரும் நினைப்பதுண்டு. உராய்வின் பங்கு கொஞ்சம்தான். பெரும்பங்கு காற்றை அமுக்கியதால் வந்த சூடு. எதிரே வரும் பந்தை முன்னே பாய்ந்து அடிக்கும் மட்டையிலிருந்து பந்து வந்ததைவிட வேகமாகத் திரும்புகிறதல்லவா? மேலேறி வரும் பிஸ்டனில் மோதும் மூலக்கூறுகளுக்கும் அதுதான் நடக்கிறது. வேகம் கூடுவதும் வெப்பம் கூடுவதும் ஒன்றேதான்.

எவ்வளவு கூடும்? 30 டிகிரிக் காற்றை, துளி வெப்பமும் வெளியேறாமல், எட்டு மடங்கு அழுத்தத்துக்கு ஒரே மூச்சில் கொண்டுபோனால் 270 டிகிரியைத் தாண்டும். டீசல் எஞ்சின் ஓடுவதே இந்த நம்பிக்கையில்தான். அதில் காற்றை இன்னும் அதிகமாக அமுக்கி, அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்றவைக்கிறார்கள். கம்ப்ரஸருக்கு இந்தச் சூடு வேண்டாத விருந்தாளி. சூடான காற்று அதிக இடம் கேட்கும், அதை அமுக்க மோட்டார் அதிகம் உழைக்கும், மசகு எண்ணெய் கருகிக் குழாய்க்குள் கரியாகப் படியும். அந்தக் கரி தீப்பிடிப்பதும் உண்டு. கடைக் கம்ப்ரஸர்கள் பலவற்றில் ஒரு சிலிண்டர் பெரிதாகவும் பக்கத்துச் சிலிண்டர் சிறியதாகவும் இருப்பது இதனால்தான். பெரியது பாதி வேலையைச் செய்து, துடுப்புகள் வைத்த குழாய் வழியே காற்றை ஆறவிட்டுச் சிறியதிடம் ஒப்படைக்கிறது. காற்று ஏற்கெனவே சுருங்கிவிட்டதால் இரண்டாவதற்குச் சிறிய சிலிண்டரே போதும்.

இந்தச் சூட்டினால் முள்ளும் நம்மை ஏமாற்றும். டேங்குக்குள் காற்று 60 டிகிரியில் இருக்கும்போது மோட்டார் நூறு பவுண்டில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் காற்று ஆறி 30 டிகிரிக்கு வந்திருந்தால் முள் 90-இல் நிற்கும். எங்கும் கசிவு இல்லை, ஒரு மூலக்கூறுகூட வெளியேறவில்லை. மோதுகிறவர்களின் எண்ணிக்கை அதேதான், வேகம்தான் குறைந்தது. வெயிலில் ஓடிய லாரியின் டயரை உடனே அளந்து, ‘காற்று அதிகமாக இருக்கிறது’ என்று இறக்கிவிடுவதும் இதே பிழையின் மறுபக்கம்.

நிரம்புவதிலும் ஒரு சீரின்மை இருக்கிறது. முதல் இருபது பவுண்டு சட்டென்று ஏறும், கடைசி இருபது இழுத்தடிக்கும். பிஸ்டன் எவ்வளவு மேலேறினாலும் சிலிண்டரின் தலைப்பக்கத்தில் ஒரு மெல்லிய இடைவெளி மிஞ்சும். டேங்கின் அழுத்தம் ஏற ஏற, அந்த இடைவெளியில் தங்கும் காற்றும் அதே அழுத்தத்தில் இருக்கும். பிஸ்டன் இறங்கும்போது முதலில் அது விரிந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் புதுக் காற்று நுழைய முடியும். ஒவ்வொரு சுற்றிலும் உள்ளே வரும் காற்று குறைந்துகொண்டே போகிறது.

அடுத்தது தண்ணீர்.

காற்றோடு சேர்ந்து நீராவியும் உள்ளே போகிறது. 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் இடம் அதிகபட்சம் 30 கிராம் நீராவியைத்தான் வைத்துக்கொள்ளும். அந்த இடத்தில் காற்று ஒரு மடங்கு இருந்தாலும் எட்டு மடங்கு இருந்தாலும் இந்த அளவு பெரிதாக மாறாது. சென்னை போன்ற கடலோர ஊரில் ஈரப்பதம் 80 சதவீதம் என்று கொண்டால், எட்டு கன மீட்டர் காற்று சுமந்துவருவது 190 கிராமுக்கு மேல். எட்டும் ஒன்றாகச் சுருங்கி ஆறியதும் 30 கிராம் போக மீதி 160 கிராம் தண்ணீராகி டேங்கின் அடியில் விழுகிறது. நிமிடத்துக்கு 300 லிட்டர் காற்று இழுக்கும் நடுத்தரக் கம்ப்ரஸர் ஒரு மணி நேரம் விடாமல் ஓடினால் லிட்டரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தண்ணீர் சேரும்.

டேங்கின் அடிவயிற்றில் ஒரு சின்ன வடிகால் திருகு இருப்பது அதற்காகத்தான். தினமும் அதைத் திறந்தால் துருநிறத் தண்ணீர் சீறிக்கொண்டு வரும். திறக்காமல் விட்டால் இரண்டு கெடுதல்கள். தண்ணீர் இடத்தைப் பிடிப்பதால் காற்றுக்கான இடம் குறைந்து, மோட்டார் அடிக்கடி ஓடும். இது சில்லறை நஷ்டம். பெரிய நஷ்டம், வெளியே பெயிண்ட் பளபளக்க உள்ளே இரும்பு அரிபடுவது. நூறு பவுண்டு என்றால் புது டேங்கிலும் முள் அதே நூறில்தான் நிற்கும், அடி பாதி கரைந்த டேங்கிலும் அதே நூறில்தான் நிற்கும். சுவரின் கனத்தை அளக்கும் மீட்டர் எந்தக் கடை டேங்கிலும் கிடையாது.

சுவர் தாங்கும் சுமையைக் கொஞ்சம் கணக்கிட்டுப் பார்க்கலாம். அரை மீட்டர் குறுக்களவுள்ள உருளை, 5 மில்லிமீட்டர் தகடு, உள்ளே 10 பார். இரு பக்க மூடிகளில் ஒவ்வொன்றையும் காற்று தள்ளும் விசை ஏறக்குறைய 20 டன். மூடிகள் தட்டையாக இருந்தால் வளைந்துவிடும் என்பதால்தான் அவற்றைக் குவித்துச் செய்கிறார்கள். உருளையின் உடலில், சுற்றுவாக்கில் இழுபடும் தகட்டின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் சுமார் 5 கிலோ எடையைத் தாங்குகிறது. நீளவாக்கில் அதில் பாதிதான். சாதாரண எஃகு 25 கிலோ வரை நிரந்தரமாக நீளாமல் நிற்கும் என்பதால் இது தாராளமான கணக்கு. துரு அரித்துத் தகடு இரண்டரை மில்லிமீட்டராகும்போது சுமை 10 கிலோவாகிறது. துரு சமமாகவும் அரிப்பதில்லை. ஊசிக்குழியாக ஓரிடத்தில் ஆழம் போகும். நாளுக்குப் பத்துத் தடவை ஏறி இறங்கும் அழுத்தம் வெல்டிங் ஓரத்தில் மயிரிழை விரிசலை வளர்க்கும். சுற்றுவாக்கில் இழுவை இருமடங்கு என்பதால், பழைய உருளைகள் விட்டுக்கொடுக்கும்போது பெரும்பாலும் நீளவாக்கில்தான் பிளக்கின்றன.

பிளந்தால் என்ன ஆகும் என்பது அழுத்தத்தை மட்டும் பொறுத்ததில்லை. சைக்கிள் டியூப் வெடித்தால் சத்தம். லாரி டயர் வெடித்தால் உயிர்ப்பலி. அழுத்தத்தோடு கொள்ளளவும் சேர்ந்தால் வருவது சேமித்த ஆற்றல். அதையும் முள் காட்டாது. 200 லிட்டர் டேங்க், 10 பார். அந்தக் காற்று ஒரே நொடியில் விரிந்தால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 270 கிலோஜூல். ஒரு டன் எடையுள்ள காரை 27 மீட்டர் உயரத்துக்கு, அதாவது எட்டு மாடிக்குத் தூக்கப் போதுமானது. கம்ப்ரஸர் பல நிமிடங்கள் உழைத்துச் சேர்த்ததைக் காற்று கண்ணிமைக்கும் நேரத்தில் திருப்பிக் கொடுத்துவிடும்.

அதே டேங்கில், அதே 10 பாரில், காற்றுக்குப் பதில் தண்ணீர் இருந்தால்? தண்ணீர் அழுத்தத்துக்கு அசைந்துகொடுப்பதில்லை, சுருங்குவது மிகச் சொற்பம். அதில் தேங்கும் ஆற்றல் சுமார் 45 ஜூல். ஒரு கிலோ கல்லை நாலரை மீட்டர் தூக்கினால் தீர்ந்துவிடும். காற்றுக்கும் தண்ணீருக்கும் இடையே ஆறாயிரம் மடங்கு வித்தியாசம். டேங்கைப் பரிசோதிக்கிறவர்கள் அதைத் தண்ணீரால் நிரப்பி, வேலை அழுத்தத்தைப்போல 1.3 முதல் 1.5 மடங்கு வரை கைப்பம்பால் ஏற்றிப் பார்ப்பது இந்த வித்தியாசத்தை நம்பித்தான். பலவீனமான இடம் இருந்தால் ஓரிடத்தில் கசிந்து முள் பொத்தென்று விழும், ஆளுக்கு ஆபத்தில்லை. ‘காற்றையே கொஞ்சம் கூடுதலாக ஏற்றிப் பார்த்துவிடலாமே’ என்று யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு எழுந்து போவதே நல்லது.

தொழிற்சாலைகளில் இப்படிப்பட்ட கலன்கள் பாதுகாப்பான அழுத்தத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், பிரிவு 31-இல் சொன்னது. சாலையோரப் பஞ்சர் கடை தொழிற்சாலைக் கணக்கில் வருவதில்லை. அங்கே சட்டத்தின் வேலையையும் சேர்த்துப் பார்ப்பது டேங்கின் மேலிருக்கும் ஒரு சின்னப் பித்தளை வால்வு. ஸ்பிரிங்கின் பலத்தை மீறி அழுத்தம் ஏறினால் தானே திறந்து காற்றை விட்டுவிடும். பாயிலிடம் உதவியாளராக இருந்த டெனி பாப்பான் என்ற பிரெஞ்சுக்காரர், 1679-இல் எலும்பை வேகவைக்கும் மூடிய பாத்திரம் ஒன்றை லண்டன் ராயல் சொசைட்டியில் காட்டினார். நம் பிரஷர் குக்கரின் தாத்தா அது. எடை வைத்து அமுக்கிய பாதுகாப்பு வால்வையும் அவர் பெயரோடுதான் சேர்த்துச் சொல்வார்கள். மோட்டாரை நிறுத்தும் ஸ்விட்ச் என்றைக்காவது ஒருநாள் ஒட்டிக்கொள்ளும். அன்றைக்கு மிஞ்சுவது இந்த வால்வு மட்டும்தான். லேசாகக் கசிகிறது என்று அதைத் திருகி இறுக்குவதும், கழற்றிவிட்டு பிளக் போட்டு அடைப்பதும் கடையைக் கொளுத்துவதற்குச் சமமான காரியங்கள்.

சேமித்த காற்றை நம்பி நம்மில் பெரும்பாலோர் தினமும் உயிரை ஒப்படைப்பது பேருந்திலும் ரயிலிலும். காலையில் டெப்போவில் டிரைவர் வண்டியை எடுக்காமல் எஞ்சினை மட்டும் உறுமவிட்டுக்கொண்டிருப்பது பிரேக்குக்கான காற்று ஏறுவதற்காக. ரயிலில் இந்த ஏற்பாடு இன்னும் சுவையானது. 1869-இல் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் கொண்டுவந்த முதல் காற்று பிரேக்கில், எஞ்சினிலிருந்து அழுத்தத்தை அனுப்பினால் பிரேக் பிடிக்கும். நடுவில் குழாய் அறுந்தால் பின்னால் உள்ள பெட்டிகளுக்கு பிரேக்கே கிடையாது. 1872-இல் அவர் அதைத் தலைகீழாக்கினார். ஒவ்வொரு பெட்டிக்கும் தனி டேங்க். வண்டி நெடுக ஓடும் குழாயில் அழுத்தம் இருக்கும்வரை பிரேக் விட்டிருக்கும். அழுத்தம் சட்டென இறங்கினால் அந்தந்தப் பெட்டியின் டேங்க் தன் காற்றைச் செலுத்தி பிரேக்கைப் பிடிக்கும். அபாயச் சங்கிலியை இழுக்கும் பயணி செய்வது, அந்தக் குழாயில் ஒரு ஓட்டையைத் திறப்பது மட்டும்தான்.

இந்திய ரயில்களில் பிரேக் குழாயின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ. டேங்குகளை நிரப்ப உடன் ஓடும் இன்னொரு குழாயில் 6 கிலோ. பெரம்பூர் ஐ.சி.எஃப். வகைப் பெட்டியின் அடியில் தொங்கும் துணை டேங்கின் கொள்ளளவு 200 லிட்டர். இதற்கு முன்பு நம் வண்டிகளில் இருந்தது வேக்யூம் பிரேக். காற்றை உறிஞ்சியெடுத்து உண்டாக்கும் வித்தியாசம் என்பதால் எவ்வளவு முயன்றாலும் அதில் ஒரு வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் கிடைக்க வழியில்லை. வண்டிகள் நீண்டு கனத்தபோது அது போதவில்லை.

ஆனால் சேமித்த காற்று எப்போதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டிருக்கும் என்பதை மறக்கக்கூடாது. 2013 ஜூலையில் கனடாவின் கியூபெக் மாநிலத்தில், 72 டேங்கர்களில் கச்சா எண்ணெய் ஏற்றிய ரயில் ஒன்று நான்ட் என்ற ஊருக்கருகே சரிவில் இரவு நிறுத்தப்பட்டது. கைபிரேக்குகள் சிலவற்றோடு, எஞ்சின்களின் காற்று பிரேக்கும் அதைப் பிடித்திருந்தது. எஞ்சினில் சிறு தீப்பிடிக்க, தீயணைப்பவர்கள் அதை அணைத்து எஞ்சினையும் நிறுத்தினார்கள். எஞ்சின் நின்றதும் கம்ப்ரஸரும் நின்றது. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் காற்று மெல்லக் கசிந்து பிரேக்கின் பிடி தளர்ந்தது. அழுத்தம் அவ்வளவு மெதுவாக இறங்கியதால், சட்டெனக் குறையும் அழுத்தத்துக்கு மட்டும் விழிக்கும் தானியங்கி பிரேக்கும் விழிக்கவில்லை. கைபிரேக்குகள் மட்டும் போதாமல் ரயில் தானே உருளத் தொடங்கி, 11 கிலோமீட்டர் சரிவில் இறங்கி, லாக் மெகாண்டிக் ஊரின் நடுவே தடம்புரண்டு எரிந்தது. இறந்தவர்கள் 47 பேர்.

டேங்கின் கணக்கை மலையளவுக்குப் பெருக்கியவர்களும் இருக்கிறார்கள். ஜெர்மனியின் ஹுன்டார்ஃபில் 1978 முதல் இயங்கும் மின்நிலையம், இரவில் மிஞ்சும் மின்சாரத்தில் கம்ப்ரஸர்களை ஓட்டி, பூமிக்கடியில் 600 மீட்டருக்கும் கீழே உப்புப் பாறையைக் கரைத்துக் குடைந்த இரண்டு குகைகளில் காற்றை நிரப்புகிறது. இரண்டின் கொள்ளளவும் சேர்த்து சுமார் 3 லட்சம் கன மீட்டர், அழுத்தம் 43 முதல் 70 பார். மின்தேவை ஏறும்போது அந்தக் காற்றைத் திறந்துவிட்டு டர்பைனைச் சுழற்றி, தொடக்கத்தில் 290 மெகாவாட் எடுத்தார்கள். இங்கே சுவர் பிளக்கும் பயம் வேறு மாதிரி. மேலே கிடக்கும் பாறையின் எடை காற்றின் அழுத்தத்தைவிட அதிகம் என்பதால் குகை வெளிப்பக்கம் வெடிக்க வழியில்லை. உப்புப் பாறை மெல்ல மெல்ல உள்ளே பிதுங்கி வரும் என்பதுதான் கவலை. அதனால் குகையை வெறுமையாக விடுவதில்லை. 43 பார் என்ற கீழ்வரம்பு, சுவருக்கு உள்ளிருந்து கொடுக்கும் முட்டு.

ஹுன்டார்ஃபின் பலவீனம் பஞ்சர் கடைக்காரரின் பலவீனமேதான்: சூடு. அமுக்கும்போது பிறக்கும் வெப்பத்தைக் குளிர்விப்பான்கள் வெளியே விட்டுவிடுகின்றன. திரும்ப விரியும்போது காற்று உறையும் அளவுக்குக் குளிர்ந்துவிடும் என்பதால், எரிவாயுவை எரித்து அதைச் சூடாக்க வேண்டியிருக்கிறது. 1991-இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மெக்கின்டாஷ் என்ற இடத்தில் தொடங்கிய 110 மெகாவாட் நிலையம், டர்பைனை விட்டு வெளியேறும் சூட்டைக் கொண்டே குகைக் காற்றைச் சூடாக்கி, எரிபொருளில் ஏறக்குறைய கால் பங்கை மிச்சப்படுத்தியது. 2022-இல் சீனாவின் ஜின்டானில் ஓடத் தொடங்கிய 60 மெகாவாட் நிலையத்தில் எரிவாயுவே கிடையாது. அமுக்கும்போது வரும் வெப்பத்தை எண்ணெயில் பிடித்துத் தனித் தொட்டிகளில் வைத்திருந்து, காற்று வெளியே வரும்போது அந்த வெப்பத்தை அதற்கே திருப்பிக் கொடுக்கிறார்கள்.